லாரி ஏறாத பாலம்

கயல்விழி: ...பகல்ல ஊருக்குள்ள உடமாட்டாங்களா? யாரங்கப்பா உடமாட்டாங்க?

அங்கமுத்து: நம்மளத்தான் சாமி. கல்கத்தாவப் பத்தி உனக்கு என்ன தெரியும்? காத்தால நோ என்ட்ரி போட்டான்னா ராத்திரி பத்து மணிக்குத்தான் தொறப்பான். அதுவரைக்கும் ஊருக்கு வெளிய ஓரங்கட்டி நிக்கோணும்.

கயல்விழி: நீங்களும் அம்மாவும் நடந்துதானுங்க ஊரச் சுத்திப் பாக்கப் போறீங்க?

அங்கமுத்து: நடந்துதான்.

கயல்விழி: நடந்து போறவங்களுக்கு எதுக்கு நோ என்ட்ரி? நீங்க என்ன பத்துச் சக்கர லாரியா?

அங்கமுத்து: ...அட, ஆமா. முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டுன வாயி கண்ணு. கல்கத்தான்னு சொன்னாலே ஸ்டியரிங் தானாத் திரும்பிக்குது.

கயல்விழி: ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வாழப்பாடியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கறேன். எதுக்கு? உங்களுக்கு டிக்கெட் போடறதுக்கு. போனக் கையில புடிச்சு அர மணி நேரமாச்சு. தேதியச் சொல்லுங்க.

அங்கமுத்து: தேதி என்ன பெரிய தேதி... மொதல்ல ரூட்டு. ரூட்டுப் போடாம வண்டி எடுத்தவன் ஊடு வந்து சேர மாட்டான். கீழ பாரு, சாக்கட்டியில தரை பூராவும் போட்டு வெச்சிருக்கறேன்.

கயல்விழி: நான் உங்க பேரன் கிறுக்கி வெச்சிருக்கறான்னு நெனச்சேன்.

அங்கமுத்து: கிறுக்கலா? இது கல்கத்தா! இந்தா, இது ஆறு. இது அவுராப் பாலம். இது நம்ம தங்கற எடம். இங்கிருந்து நேராப் போனா ஒரு ரயில் பாலம் வரும், அதுக்கு அடியில ரோடு. அதுல மட்டும் போகப்படாது.

கயல்விழி: ஏனுங்க?

அங்கமுத்து: உயரம் பத்தாது. தட்டும்.

கயல்விழி: எது தட்டும்?

அங்கமுத்து: ...தார்ப்பாயி.

கயல்விழி: அப்பா!

அங்கமுத்து: சரி, உங்கம்மா கொண்ட தட்டும்னு வெச்சுக்க.

கயல்விழி: இந்தச் சந்துல என்னத்துக்குப் பெருக்கல் குறி?

அங்கமுத்து: அதுக்குள்ள போனாத் திருப்ப முடியாது. ரிவர்ஸ்லயேதான் வரோணும்.

கயல்விழி: மனுசன் நின்ன எடத்துலயே திரும்பிக்கலாமுங்க.

அங்கமுத்து: நான் திரும்பிக்குவேன். உங்கம்மா ஒரு பக்கமாக் கெளம்பிட்டா, அவளத் திருப்பறதுக்கு ஒரு ஏக்கரா வேணுமே...

பாப்பாயி: யாரத் திருப்பறதுக்கு ஏக்கராக் கணக்கு?

அங்கமுத்து: வந்துட்டியா புள்ள! உன்னச் சொல்லல, ட்ரெய்லர் வண்டியச் சொல்லிட்டு இருந்தேன்.

பாப்பாயி: ட்ரெய்லர் வண்டி எந்தக் காலத்துலீங்க கொண்ட போட்டுச்சு? கேட்டுக்கிட்டுத்தான் வாரேன்.

கயல்விழி: அம்மா! கால்ல என்னம்மா அது... ஷூவா?

பாப்பாயி: ஏன், நான் போட்டா என்ன? உங்கப்பா வாங்கிக் குடுத்ததுதான். ரெண்டு மாசமா வெடியக்காலம் ஏரிக்கரையில போட்டுட்டு நடக்கறேன். மொத நாளு ரெண்டு கால்லயும் நாய்க்குட்டி கவ்விக்கிட்டுக் கூடவே வாராப்புல இருந்துச்சு. இப்பப் பழகிருச்சு.

அங்கமுத்து: டயரு நல்லா இருந்தாத்தான லாங் ட்ரிப்பு? சேலைக்கு மேட்ச்சா இருக்கோணும்னு கடைக்காரனப் பாடாப் படுத்தி எடுத்துட்டு வந்தேன். இவ அதப் போட்டுட்டு நடந்த அன்னிக்கு பனமரத்துப்பட்டியே ஏரிக்கரையில வந்து நின்னுச்சு. கலெக்டரு வந்தாக்கூட அத்தன கூட்டம் கூடாது.

பாப்பாயி: நாலு ஆடும் பக்கத்தூட்டு முத்தாயம்மாளும் நின்னாங்க. அதுல ஒரு ஆடு திரும்பிக்கூடப் பாக்கல.

அங்கமுத்து: ஏ, ஏ... பாத்து! பாலத்து மேல நிக்கற புள்ள. அழிஞ்சுரும், எறங்கு.

பாப்பாயி: இதுவா பாலம்? சமையக்கட்டு வரைக்கும் போகுது?

அங்கமுத்து: எடம் இல்லாமத்தான் அங்க நிறுத்திட்டேன். இல்லாட்டி கெணத்து மேடு வரைக்கும் போயிருக்கும். நெசமான பாலத்தப் பாத்தீன்னா மயக்கம் போட்டு உழுந்துருவ. இந்த முனையில மழ கொட்டறப்ப அந்த முனையில துணி காயப் போட்டிருப்பாங்க. மீசை மொளைக்காத பையன் இக்கட்டால ஏறுனா, அக்கட்டால எறங்கறப்ப பொண்ணு பாக்கக் கெளம்பிருவான்!

பாப்பாயி: அத்தன நேரம் எங்கீங்க ஆகுது. மெதுவா வேடிக்கை பாத்துட்டு நடந்தாலும் ஒரு டம்ளர் டீ ஆறிப்போற நேரந்தான...

அங்கமுத்து: என்னது?

பாப்பாயி: டிவியில... டிவியில சொன்னாங்க.

கயல்விழி: எந்த டிவியிலம்மா?

பாப்பாயி: நம்மூட்டு டிவியிலதான். சீரியலுக்கு நடுவால.

அங்கமுத்து: டிவிக்காரனுக்கு என்ன தெரியும்? கேமராவத் தூக்கிட்டு ஓடிருப்பான், சீக்கிரமாப் போயிருக்கும். சரி, அதுக்கப்பறம் ட்ராம் வண்டி. ரோட்டு மேலயே தண்டவாளம். மொதப் பெட்டி வாழப்பாடியில இருந்தா கடைசிப் பெட்டி அயோத்தியாப்பட்டணத்துல இருக்கும். அத்தன நீளம்!

பாப்பாயி: ரெண்டே பெட்டிதானுங்க. முன்னால பெட்டியில தலைக்கு மேல காத்தாடி சுத்தும். பின்னால பெட்டியில இருக்காது.

அங்கமுத்து: ...காத்தாடி இருக்கறதுகூடவா டிவியில காட்டறான்?

பாப்பாயி: நெம்ப வெவரமா காட்டறாங்க இப்பல்லாம்.

கயல்விழி: அந்த ட்ராம் எல்லாம் இப்ப அவ்வளவா ஓடறதில்லையாம்மா. கொஞ்சங் கொஞ்சமா நிறுத்திட்டாங்களாம்.

பாப்பாயி: ஐயோ... நெசமாலுமா சாமி?

அங்கமுத்து: நீ எதுக்கு எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தாப்புல மூஞ்சிய வெச்சுக்கற? உன்ற மாமன் ஊட்டு வண்டியா அது?

பாப்பாயி: இல்லீங்க... பாக்கலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான்.

கயல்விழி: பாருங்கப்பா, அம்மா எத்தன ஆசையா இருக்கறாங்க. இனியும் இழுக்காதீங்க. ஆடியில போடட்டுமா?

அங்கமுத்து: ஆடிக் காத்துல பாலத்து மேல மனுசன் நிக்க முடியுமா? போன ஆடியில ஒரு யானையத் தூக்கி ஆத்துல போட்டிருச்சு.

கயல்விழி: ஐப்பசி?

அங்கமுத்து: மழ.

கயல்விழி: மார்கழி?

அங்கமுத்து: பனி. எதுக்க வாரவன் தெரிய மாட்டான்.

கயல்விழி: தை?

அங்கமுத்து: பொங்கலுக்கு ஊட்டுல இல்லாம எப்பிடி?

கயல்விழி: பொங்கல் முடிஞ்சு?

அங்கமுத்து: பொங்கல் முடிஞ்சா... அரளி பூவெடுப்பு.

பாப்பாயி: பூவெடுப்ப நான் சௌந்திரத்துக்கிட்டச் சொல்லியாச்சு. அவ பாத்துக்குவா. அவ ஊட்டுலயே சாவியக் குடுத்துட்டுப் போகலாம்.

அங்கமுத்து: நீ எதுக்கு அதுக்குள்ள அக்காகிட்டச் சொன்ன?

பாப்பாயி: நீங்க தம்மம்பட்டிக் கல்யாணத்துல ஊருக்கே சொன்னீங்க. நான் உங்க அக்காகிட்ட மட்டுந்தான சொன்னேன்?

கயல்விழி: அதக் கேளுங்கம்மா! சின்னண்ணன் மாமா பையன் கல்யாணத்துல, பாட்டுக்காரங்க கையில இருந்த மைக்கப் புடுங்கி என்ன சொன்னீங்க? நூறு ஒறம்பரை சனம் கேட்டுட்டு இருந்தாங்க.

அங்கமுத்து: நூறா? ஆயிரம் பேரு!

கயல்விழி: சரி, ஆயிரம். என்ன சொன்னீங்க?

அங்கமுத்து: ...என்ற பொண்டாட்டிய மறுபடியும் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போயி, தெருத் தெருவா நடத்திக் காட்டாம இந்தக் கட்ட வேகாதுன்னு சொன்னேன்.

கயல்விழி: ஆயிரம் பேரும் கை தட்டுனாங்களா?

அங்கமுத்து: தட்டுனாங்க. பந்தல் ரெண்டு அடி தூக்கிருச்சு.

கயல்விழி: அப்பறம் ஏன் இப்ப இழுக்கறீங்க?

அங்கமுத்து: இழுக்கல கண்ணு. நான் ஏன் சொன்னேன்னு உனக்குத் தெரியோணுமில்ல? நீ அப்ப ரெண்டாங் கிளாஸ். சேலத்துல ஜவ்வரிசி லோடு ஏத்தி, கல்கத்தாவுக்குப் போனேன். அங்க தார்ப்பாய அவுக்கறப்ப கால் வழுக்கி லோட்டு மேல இருந்து உழுந்தேன். மூணு மாடி உயரம்...

பாப்பாயி: லாரிக்கு எங்கீங்க மூணு மாடி?

அங்கமுத்து: உழுந்தவனுக்குத்தான் உயரம் தெரியும், நீ கம்முனு இரு. தொடையெலும்பு ரெண்டாப் போச்சு. ஆத்துக்கு இந்தப் பக்கம் அவுரா ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ஓனரு ஆள் அனுப்பி உங்கம்மாவ ரயிலேத்தி உட்டாரு. பாஷை தெரியாது, ஒரு மனுசரத் தெரியாது. வந்து நின்னா பாரு...

கயல்விழி: நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

அங்கமுத்து: மனப்பாடமா இருந்தாலும் கேளு. என்னய ஊசி போட்டுத் தூங்க வெச்சிருவாங்க. பொழுதோட வெளக்கு வெக்கறப்பத்தான் கண்ண முழிப்பேன். முழிச்சா இவ கட்டில்காலப் புடிச்சுட்டு நிப்பா. நெதமும். ஒரு நாள் தப்பல. பச்சத்தண்ணி பல்லுல படல. ஊருக்கு வாரப்ப இவ ஒடம்பு ஊதிக் கெடந்துச்சு. பட்டினி கெடந்தா அப்பிடித்தானாம், வயித்துக்குள்ள காத்து அடைச்சுக்குமாம்.

பாப்பாயி: அதெல்லாம் இப்ப எதுக்குங்க?

அங்கமுத்து: அத்தாப் பெரிய ஊரு. அதுக்குப் போயும் இவ பாத்தது ஆஸ்பத்திரிச் செவுத்த. அதுவும் என்னால. அது இங்க... இந்த நெஞ்சுல, முள்ளாட்டம் கெடக்குது சாமி. அதான் மைக்கப் புடுங்குனேன்.

கயல்விழி: எனக்கு ஒண்ணே ஒண்ணு நல்லா நெனவிருக்குதும்மா. நீங்க வாரப்ப ஒரு மஞ்சப்பை நெறைய மண் சொப்புக் கொண்டாந்தீங்க. சின்னச் சின்னதா, சுட்ட மண் வாசத்தோட. அதுல நான் எத்தன நாள் சோறாக்கி வெளையாடிருக்கறேன்!

அங்கமுத்து: அது ஆஸ்பத்திரியில மருந்து ஊத்திக் குடுத்த கப்பு. அப்பிடித்தான புள்ள?

பாப்பாயி: ம்... அப்பிடித்தான் சொன்னேன்.

கயல்விழி: உங்களுக்கு வேர்த்துக் கொட்டுதும்மா. ஃபேனப் போடட்டுமா?

பாப்பாயி: வேண்டாம் வேண்டாம். அரளிக்கு மோட்டாரப் போட்டுட்டு வந்தவ அப்பிடியே நின்னுட்டேன் பாரு. வாய்க்கால் உடைச்சுக்கும். நிறுத்திட்டு வாரேன்.

அங்கமுத்து: ஷூவோட சேத்துல எறங்காத புள்ள! ...போயிட்டா. பாத்தியா, அந்த ஆஸ்பத்திரி நாளச் சொன்னா இன்னிக்கும் அவளால தாங்க முடியல.

கயல்விழி: அதான் தெரியுதே. இந்தாங்க, மாசிப் பதினஞ்சு. எடம் இருக்குது. அமுக்கட்டுமா?

அங்கமுத்து: பொறு!

கயல்விழி: என்னங்கப்பா இது? கையப் புடிக்கறீங்க?

அங்கமுத்து: மெதுவாப் பேசு. அவ போயிட்டாளா பாரு.

கயல்விழி: கெணத்துக்கிட்டப் போயிட்டாங்க. என்னங்கப்பா? மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சு?

அங்கமுத்து: யாருகிட்டயும் சொல்லப்படாது. உன்ற புருசங்கிட்டக்கூட.

கயல்விழி: சொல்லல. சொல்லுங்க.

அங்கமுத்து: அந்தப் பாலம் இருக்குது பாரு... அதுல லாரிய உடமாட்டான்.

கயல்விழி: சரி.

அங்கமுத்து: ராத்திரி தொறப்பான்னு சொன்னது பொய்யி. பகல்லயும் உடமாட்டான், ராத்திரியும் உடமாட்டான். எங்க வண்டியெல்லாம் ஆத்துக்கு இந்தப் பக்கமே, பார்க்கிங்குல நிக்கும். சரக்கு வாங்கற அந்த ஊருப் பார்ட்டி சின்ன வண்டியக் கொண்டாந்து லோட மாத்திட்டுப் போயிருவான். நாங்க அங்கயே சோறாக்கித் தின்னுட்டு, அடுத்த லோடு கெடைச்சதும் திரும்பிருவோம்.

கயல்விழி: அப்ப... அக்கட்டால?

அங்கமுத்து: பாத்ததில்ல.

கயல்விழி: ஒரு தடவகூடவா?

அங்கமுத்து: ஒரு தடவகூட. வண்டிய உட்டுட்டுப் போனா பேட்டரியக் கழட்டிருவான், டீசல உறிஞ்சிருவான். எப்பிடிப் போறது? தூரத்துல பாலத்தோட மண்டை மட்டும் தெரியும். வெடியக்காலத்துல வண்டி மேல ஏறி நின்னு பாப்பேன். அம்புட்டுத்தான் கண்ணு நான் கண்ட கல்கத்தா.

கயல்விழி: அப்ப அந்த ராசா பங்களா, வெள்ளக்காரன் கட்டுன சந்தை, யானைத் தந்தக் கதவு... சின்ன வயசுல என்னயத் தூங்க வெக்கறப்பச் சொல்லுவீங்களே?

அங்கமுத்து: பார்க்கிங்குல டீ விக்கறவன் ஒருத்தன் கொஞ்சம் சொல்லுவான். இந்தியில சொல்லுவான், எனக்குப் பாதி புரியும். மீதிய நானே கட்டுனேன்.

கயல்விழி: கதவையுமா?

அங்கமுத்து: கதவ நல்லா இழைச்சுக் கட்டுனேன், ஒத்துக்கோ.

கயல்விழி: சிரிக்க வெக்காதீங்கப்பா, எனக்குக் கோவம் வருது... அம்மாகிட்டச் சொல்லிருங்க.

அங்கமுத்து: எப்பிடி சாமி? முப்பது வருசமா என்ற வாயப் பாத்துட்டு ஒக்காந்து கேட்டவ. இன்னிக்கு டிவியப் பாத்துட்டுப் பேசறாளே ஒழிய, ஒரு நாள் மறுத்துப் பேசுனதில்ல. பாலந்தாண்டி எறங்குன ஒடனே எந்தப் பக்கம்னு தெரியாம நான் நடுரோட்டுல முழிச்சேன்னு வெச்சுக்க... அவ என்னய எப்பிடிப் பாப்பா? ஊரு சிரிச்சாப் பரவால்ல. அவ சிரிக்காமப் பாப்பா பாரு, அதத்தான் என்னால தாங்க முடியாது.

கயல்விழி: அதுக்காகப் போகாமயே இருந்துருவீங்களா? மனசுல முள்ளுங்கறீங்க?

அங்கமுத்து: நீ ஒண்ணு செய்யி. போன்ல மேப்பு வருமில்ல? பாலந்தாண்டி எங்க திரும்பறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. நான் உருப்போட்டுக்கறேன்.

கயல்விழி: பொய்ய முழுசாக்கறதுக்கு நான் டியூசன் எடுக்கோணுமா? முடியாது. டிக்கெட் வேணுமா, வேண்டாமா?

அங்கமுத்து: அப்பக் காலு வலிக்குதுன்னு சொல்லிர்றேன். ஒடஞ்ச கால்தான? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு...

கயல்விழி: அப்பா, வேண்டாம்! அம்மா வாராங்க...

பாப்பாயி: என்ன வேண்டாம்? தேதி போட்டாச்சா?

கயல்விழி: மாசியில எடம் இருக்குதும்மா. அப்பாதான்...

அங்கமுத்து: புள்ள... இந்தக் காலு ரெண்டு நாளாக் கொடையுது. ஒடஞ்ச எடத்துலயே.

பாப்பாயி: எந்தக் காலு?

அங்கமுத்து: இந்த... எடது.

பாப்பாயி: ஒடஞ்சது வலதுங்க.

அங்கமுத்து: வலதுல ஒடஞ்சது எடதுல இழுக்குது. நரம்பு எல்லாம் ஒண்ணுதான? டாக்டரு நெறைய நடக்கப்படாதுன்னாரு. இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம்... நல்லா ஆனதும், ஒரேயடியா...

பாப்பாயி: ...சரீங்க.

கயல்விழி: அம்மா?

பாப்பாயி: உங்கப்பாவுக்குக் கால் முடியலயின்னா எப்பிடி சாமி போறது? போனக் கீழ வெய்யி. வா, சோறு தின்னலாம். கத்திரிக்கா ஆறிப்போச்சு.

அங்கமுத்து: ஏம்புள்ள ஷூவக் கழட்டற?

பாப்பாயி: இனி எதுக்குங்க? அடுத்த வருசம் எனக்கு என்னமோ, உங்களுக்கு என்னமோ. இத அட்டப் பெட்டியிலயே போட்டு வெச்சா கயலு போட்டுக்குவா. கால் அளவு ஒண்ணுதான்.

கயல்விழி: எனக்கு வேண்டாம்மா...

பாப்பாயி: நல்ல ஷூ. ரெண்டு மாசந்தான் போட்டிருக்கறேன். சேறு படாம கெணத்து மேட்டுல கழட்டி வெச்சுட்டுத்தான் மோட்டாரு நிறுத்தப் போனேன்.

அங்கமுத்து: பாப்பாயி.

பாப்பாயி: இந்தத் தரையயும் கழுவி உட்டர்றேன். நடக்கறப்ப வழுக்கும்.

அங்கமுத்து: பாலத்த அழிக்காத புள்ள!

பாப்பாயி: ஏனுங்க கத்தறீங்க?

அங்கமுத்து: அழிக்காத. அந்த ஷூவ மறுபடியும் மாட்டு.

பாப்பாயி: உங்க காலு...

அங்கமுத்து: காலுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டும் குத்துக்கல்லாட்டம் இருக்குது. நான்... நான் அந்தப் பாலத்துல ஏறுனதே இல்ல புள்ள. லாரிய உடமாட்டான். முப்பத்தஞ்சு வருசமும் ஆத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டுத் திரும்பிட்டேன். நான் சொன்ன கடவீதி, பங்களா, ட்ராமு, எல்லாம் கேட்ட கத. டீக்கடைக்காரன் ஒரு பங்கு சொன்னான், நான் ஒம்போது பங்கு போட்டேன். உன்னக் கூட்டிட்டுப் போயி என்னத்தக் காட்டறதுன்னு எனக்கே தெரியாது. இதுதான் நெசம். நீ திட்டோணும்னா திட்டு. அந்த ஷூவ மட்டும் பெட்டியில போடாத.

பாப்பாயி: அது எனக்குத் தெரியுமுங்க.

அங்கமுத்து: ...என்ன தெரியும்?

பாப்பாயி: நீங்க பாலந்தாண்டுனதில்லைன்னு.

அங்கமுத்து: கயலு! சொல்லிட்டியா?

கயல்விழி: ஐயோ, நான் வாயே தொறக்கலீங்க!

பாப்பாயி: அவ எதுக்குச் சொல்லோணும்? இத்தன வருசமா நீங்க சொன்ன கல்கத்தாவுல ஒரு நாளாச்சும் பூ வாசம் அடிச்சுதா? பாலத்த உட்டு எறங்குனா வலதுகைப் பக்கம் படி. கீழ ஆத்தோரம் பூராவும் பூ மார்க்கெட்டு. செண்டுமல்லி மட்டும் நம்ம வைக்கப் போரு உயரத்துக்குக் குமிச்சுக் கெடக்கும். பாலம் முடியறதுக்கு முந்தியே வாசம் வந்து மூஞ்சியில அடிக்கும். அதத் தாண்டிப் போனவரு யானத் தந்தக் கதவச் சொல்லுவாரா, பூவச் சொல்லுவாரா?

அங்கமுத்து: ...இதையும் டிவியில காட்டுனானா?

கயல்விழி: அப்பா. டிவியில வாசம் வராதுங்கப்பா. அம்மா... அந்த மண் சொப்பு...

பாப்பாயி: மருந்துக் கப்பு இல்ல சாமி, டீக் கப்பு. குடிச்சுட்டு எல்லாரும் ஒடைச்சுப் போடுவாங்க, நான் உனக்குன்னு கழுவிக் கழுவி எடுத்து வெச்சேன். ஆம்பளைங்க வார்டுல பொம்பளைங்களப் பொழுதோடதான் உள்ள உட்டாங்க. பகலெல்லாம் நான் பாலந்தாண்டி அக்கட்டாலதான் இருந்தேன், பூக்காரிங்களோட. அவங்க ஊசியில கோக்கறவங்க, நான் வெரல்லயே கட்டறதப் பாக்க ஒரு கூட்டம் கூடும். நெதமும் டீ, ரசகுல்லா, ட்ராமுல ஒரு சுத்து... ஊருக்கு வந்து சாவகாசமா உங்கப்பாகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். இவரு பஸ்ஸ உட்டு எறங்குனதுமே பச்சத்தண்ணிக் கதைய ஆரம்பிச்சுட்டாரு, ஊரே கண்ணத் தொடைச்சுட்டு நின்னுச்சு. அதுல போயி ரசகுல்லாவ எப்பிடிச் சொல்றது? ...நீ மாசியிலயே போடு கண்ணு. எனக்கு எந்த சீட்டுன்னாலும் சரி. உங்கப்பா மொதத் தடவ போறாரு, அவருக்கு ஜன்னலோரமாப் பாத்துப் போடு.